இந்த வருஷம் நம்ம கவுண்டி தேறுமா? அயர்லாந்து ரசிகர்களின் ஓயாத கணக்கு

அயர்லாந்து என்றதும் நம் ஆட்களுக்கு 2011 உலகக் கோப்பையில் பெங்களூரில் இங்கிலாந்தைக் கவிழ்த்த கிரிக்கெட் அணி ஞாபகத்துக்கு வரலாம். அந்த நாட்டில் கிரிக்கெட் ஓர் ஓரத்து ஆட்டம்தான். டப்ளினில் க்ரோக் பார்க் என்றொரு மைதானம் இருக்கிறது. 82,300 பேர் கொள்ளும். ஜூலை மாதம் அதை நிரப்புகிற ஆட்டங்கள் இரண்டு: கேலிக் கால்பந்து, ஹர்லிங். இரண்டுமே அந்த மண்ணின் ஆட்டங்கள். ஐரிஷ்காரர்கள் குடியேறிய ஊர்களைத் தவிர வேறெங்கும் பெரிதாக ஆடுவதில்லை.

இந்த இரண்டையும் ஆடுகிற யாருக்கும் சம்பளம் கிடையாது. இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் கிளம்புகிறது. இறுதி ஆட்டத்தில் கோல் போட்டவர் கொஞ்ச நாளில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருப்பார், அல்லது மாட்டுப் பண்ணையில் பால் கறந்துகொண்டிருப்பார். பயணப்படி, சாப்பாடு, உடுப்பு கிடைக்கும். வாரத்துக்கு நாலைந்து நாள் பயிற்சி, அதுவும் வேலை முடிந்து ராத்திரியில்.

அப்படியிருக்க, அந்த ஊர்க்காரர்கள் இந்த ஆட்டங்களைப் பற்றிப் பேசுவதைக் கேட்டால் தேர்தல் நேரத்து டீக்கடை போல இருக்கும். "நம்ம ஆளுங்க இந்த வருஷம் எவ்வளவு தூரம் போவாங்க?" என்று ஜனவரியில் ஆரம்பிப்பார்கள். அணி தோற்று வெளியேறிய மறுநாளே அடுத்த வருஷத்துக் கணக்கு தொடங்கிவிடும். புதிதாக அதைக் கேட்கிறவருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. அந்தப் பேச்சைப் பின்தொடர என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

ஆட்டம் முதலில்

கேலிக் கால்பந்தில் பக்கத்துக்கு 15 பேர். பந்தைக் கையால் பிடிக்கலாம், காலால் உதைக்கலாம். கையில் வைத்துக்கொண்டு நாலு எட்டுக்கு மேல் ஓடக்கூடாது. தரையில் ஒரு தட்டு தட்ட வேண்டும், அல்லது தன் காலிலேயே உதைத்துத் திரும்பக் கையில் வாங்க வேண்டும். கைப்பந்தும் கால்பந்தும் கலந்த மாதிரி தெரியும். மைதானம் நாம் பார்க்கும் கால்பந்து மைதானத்தைவிட நன்றாகவே பெரிது.

ஹர்லிங்கிலும் 15 பேர், அதே மைதானம்தான். ஆனால் ஒவ்வொருவர் கையிலும் ஹர்லி என்கிற மட்டை இருக்கும். ஆஷ் மரத்தில் செய்வது வழக்கம், நுனி அகலமாக, தட்டையாக இருக்கும். பந்துக்குப் பெயர் ஸ்லிட்டர். கிட்டத்தட்ட கிரிக்கெட் பந்தின் அளவு, தோல் தைத்த இடம் வரம்பு போலத் துருத்திக்கொண்டிருக்கும். அதைத் தரையிலும் அடிக்கலாம், அந்தரத்திலும் அடிக்கலாம், மட்டை நுனியில் ஏந்திக்கொண்டே ஓடலாம், கையில் பிடித்துத் தூக்கிப்போட்டு விளாசலாம். 80, 90 மீட்டர் தூரத்திலிருந்து கம்பத்துக்கு மேலே அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். தலைக்கவசம் எல்லா வயதினருக்கும் கட்டாயமானது 2010இல்தான் என்றால் நம்பமாட்டீர்கள்.

இனி ஸ்கோர். இரண்டு ஆட்டத்துக்கும் கம்பம் ஆங்கில எச் எழுத்து வடிவத்தில் இருக்கும். குறுக்குக் கம்பிக்குக் கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு 3 புள்ளி. கம்பிக்கு மேலே, இரண்டு கம்பங்களுக்கு நடுவே போனால் 1 புள்ளி. கோல் என்றால் நடுவரின் உதவியாளர் பச்சைக் கொடி காட்டுவார், புள்ளி என்றால் வெள்ளைக் கொடி. ஸ்கோர்போர்டில் கோலையும் புள்ளியையும் கூட்டாமல் தனித்தனியாகப் போடுவார்கள். 3-27 என்றால் மூன்று கோல், 27 புள்ளி, கூட்டினால் 36. 1-34 என்றால் 37. ஆக, மூன்று கோல் அடித்தவர் ஒரே கோல் அடித்தவரிடம் தோற்பது சகஜம். ஐரிஷ் குழந்தைகள் மூன்றாம் வாய்ப்பாட்டை இப்படித்தான் கற்கிறார்கள் போலிருக்கிறது. கொடி ஏறுவதற்கு முன்பே வித்தியாசத்தைச் சொல்லிவிடுவார்கள்.

கால்பந்தில் மட்டும் 2025இல் பெரிய மாற்றம் வந்தது. பழைய டப்ளின் மேலாளர் ஜிம் கேவின் தலைமையிலான குழு பரிந்துரைத்தது. கோலிலிருந்து 40 மீட்டர் தள்ளி ஒரு வளைவு வரைந்தார்கள். அதற்கு வெளியிலிருந்து கம்பிக்கு மேலே உதைத்தால் 2 புள்ளி, ஆரஞ்சுக் கொடி. எல்லோரும் பின்னால் போய்க் குவிந்து தடுப்பதை நிறுத்த, எந்நேரமும் குறைந்தது மூன்று பேராவது எதிர்ப் பாதியில் நிற்க வேண்டும் என்றும் விதி வந்தது. அதற்கு முந்தைய சில வருஷங்களில் கால்பந்து பார்க்கச் சகிக்காமல் போயிருந்தது என்பதே பொதுவான புலம்பல்; பக்கவாட்டில் பந்தைக் கடத்திக்கொண்டே இருப்பார்கள். இந்த மாற்றம் வந்ததும் ரசிகர்களின் கணக்கும் மாறியது. தூரத்திலிருந்து உதைக்கத் தெரிந்த ஒருவன் நம்மிடம் இருக்கிறானா என்பது திடீரென்று பெரிய கேள்வியாகிவிட்டது.

கவுண்டி என்பது என்ன

கேலிக் விளையாட்டுச் சங்கம் 1884 நவம்பர் 1 அன்று டிப்பெரேரி கவுண்டியின் (கவுண்டி என்றால் நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) தர்லெஸ் ஊரில், ஒரு ஹோட்டலில் கூடித் தொடங்கப்பட்டது. ஊர்தோறும் கிளப், கிளப்புகளுக்கு மேலே கவுண்டி என்று அமைத்தார்கள். தீவு முழுக்க 32 கவுண்டிகள். அவற்றில் ஆறு இன்றைக்கு பிரிட்டனின் கீழுள்ள வட அயர்லாந்தில் இருக்கின்றன. ஆனால் இந்தப் போட்டிக்கு அந்த எல்லை கிடையாது. அர்மாவும் டைரோனும் டப்ளினோடும் கெர்ரியோடும் ஒரே கோப்பைக்கு மோதுகின்றன.

வேடிக்கை என்னவென்றால், கவுண்டிக் கோடுகள் பழைய ஆங்கிலேய நிர்வாகம் போட்டவை. அரசாங்கம் அவற்றைப் பலமுறை மாற்றியும் விட்டது. டப்ளின் கவுண்டி மன்றத்தை 1994இல் கலைத்து மூன்றாகப் பிரித்தார்கள். டிப்பெரேரி நிர்வாகத்தில் 2014 வரை வடக்கு, தெற்கு என்று இரண்டாக இருந்தது. ரசிகனுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. டப்ளின் ஒரே அணி, டிப்பெரேரியும் ஒரே அணி.

நீங்கள் ஆடுவது உங்கள் ஊர்க் கிளப்புக்கு. அதில் தெரிந்தால் உங்கள் கவுண்டிக்கு. ஐபிஎல் ஏலம் மாதிரி, வேகப்பந்து வீச்சாளர் இல்லையென்றால் காசைக் கொட்டி ஒருவரை வாங்கிப்போடுகிற வழி இங்கே இல்லை. பிறந்த ஊர், வளர்ந்த ஊர், குடியிருக்கும் ஊர் என்று ஏதோ ஒரு பிடிமானம் இருந்தால்தான் சட்டை கிடைக்கும். யாராவது கவுண்டி மாற முயன்றால் ஊரே அதைப் பற்றிப் பேசும். 2012இல் கேவன் கவுண்டியின் கால்பந்து வீரர் ஒருவர் கில்டேருக்கு மாறினார். கில்டேர் கிளப் ஒன்றுக்காக ஒரு போட்டியில் இறங்கினால்தான் தகுதி என்று விதி. கால்பந்து ஆட்டம் எதுவும் கைக்கு அகப்படாததால் அவர் ஹர்லிங் ஆட்டம் ஒன்றில் இறங்கித் தகுதியைச் சம்பாதித்தார். அப்புறம் கில்டேருக்காகத் தன் சொந்த கேவனை எதிர்த்தே ஆடினார். இன்றைக்கும் இரண்டு ஊரிலும் அந்தக் கதை ஓடுகிறது.

இதனால் என்ன ஆகிறது? ஒரு கவுண்டியின் வாய்ப்பைப் பற்றிப் பேசுவது அந்த ஊர்ப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவதாக ஆகிவிடுகிறது. வலது ஓரத்தில் ஆடுகிறவன் யார் மகன், அவன் சித்தப்பா எந்த வருஷம் ஆடினார், அவனுக்கு முட்டி எப்படி இருக்கிறது, சிட்னிக்கு வேலைக்குப் போகப்போகிறானாமே, உண்மையா? ஒரு நல்ல பையன் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிவிட்டால் அந்த இடம் காலி, அவ்வளவுதான். ஆஸ்திரேலிய கால்பந்துக் கிளப்புகள் வேறு இளம் கேலிக் வீரர்களைச் சம்பளம் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போகின்றன. கெர்ரிக்காரர்களுக்கு அது தீராத வயிற்றெரிச்சல்.

ஆள்தொகையும் சமமாக இல்லை. டப்ளினில் 14 லட்சத்துக்கு மேல், லீட்ரிமில் சுமார் 35,000. டப்ளின் 2015 முதல் 2020 வரை தொடர்ந்து ஆறு கால்பந்துக் கோப்பைகளை அள்ளியபோது, டப்ளினை இரண்டாக வெட்ட வேண்டும் என்ற பேச்சுகூடப் பலமாகவே எழுந்தது. ஆனால் ஆள் எண்ணிக்கை மட்டுமே முடிவு செய்வதாக இருந்தால் கில்கென்னியை என்ன சொல்வது? ஒரு லட்சத்துச் சொச்சம் பேர். ஹர்லிங்கில் 36 பட்டங்கள், வேறு யாருக்கும் அத்தனை இல்லை. அங்கே குழந்தை நடக்கத் தொடங்கியதும் கையில் மட்டையைக் கொடுத்துவிடுவார்கள். கால்பந்தில் மூத்தோர் சாம்பியன்ஷிப்புக்கு, அதாவது வயது வரம்பில்லாத முதன்மைப் போட்டிக்கு, அணியே அனுப்புவதில்லை. ஹர்லிங்கைத் தெற்கிலும் நடுவிலும் உள்ள சில கவுண்டிகள்தான் உயிராக ஆடுகின்றன. கால்பந்து மற்ற எல்லா இடத்திலும். இரண்டிலும் கெட்டி என்று சொல்ல ஒரு சில கவுண்டிகள்தான் தேறும். கார்க் 1990இல் ஒரே வருஷத்தில் இரண்டு கோப்பையையும் தூக்கியது. அதைச் சொல்லாமல் ஒரு கார்க் பெரியவர் பேச்சை முடித்து நான் பார்த்ததில்லை.

நாள்காட்டி

ஜனவரி கடைசியிலிருந்து லீக் நடக்கும். அதன் பிறகு ஏப்ரலில் சாம்பியன்ஷிப். முதலில் மன்ஸ்டர், லென்ஸ்டர், கொனாக்ட், அல்ஸ்டர் என்று மாகாண அளவில். அதிலிருந்து அகில அயர்லாந்துச் சுற்று. கால்பந்தில் ஜெயித்தால் சாம் மகுவையர் கோப்பை, ஹர்லிங்கில் லியாம் மெக்கார்த்தி கோப்பை. முன்பெல்லாம் இறுதி ஆட்டங்கள் செப்டம்பரில் நடக்கும். 2022 முதல் ஜூலையிலேயே முடித்துவிட்டு, மிச்ச வருஷத்தைக் கிளப்புகளுக்கு விட்டுவிடுகிறார்கள். ஆகஸ்டில் பேச ஒன்றுமில்லாமல் போச்சே என்று குறைப்படுகிறவர்கள் நிறைய.

கால்பந்தின் ஆட்ட முறையைச் சங்கம் அடிக்கடி மாற்றிக்கொண்டே இருக்கும். நாலு குழுவாகப் பிரித்து ஆடிய முறை 2025ஓடு போனது. 2026 முதல் 16 அணிகள், முதல் சுற்றில் தோற்றாலும் இன்னொரு வாய்ப்பு உண்டு, இரண்டாவது முறை தோற்றால் வீட்டுக்கு. அடுத்த தட்டு அணிகளுக்கு டெயில்டன் கோப்பை என்று தனியாக ஒன்று 2022இலிருந்து நடக்கிறது.

ஹர்லிங்கில் மன்ஸ்டர் ஒரு தனி உலகம். கார்க், கிளேர், லிமரிக், டிப்பெரேரி, வாட்டர்ஃபோர்டு. ஐந்தே அணி, ஒவ்வொன்றும் மற்ற நான்கோடும் ஆடும், மூன்று மேலே போகும், இரண்டு மே மாதத்திலேயே மூட்டை கட்டும். ஐந்துமே கோப்பை கனவில் இருக்கிற அணிகள். நான்கு ஆட்டத்தில் இரண்டு சறுக்கினால் வருஷமே போச்சு. உலகத்தில் இதைவிடப் பதைபதைப்பான லீக் சுற்று வேறொன்று உண்டென்று எனக்குத் தோன்றவில்லை.

எதை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள்

லீக் முடிவுகளைத்தான் முதலில் எடுப்பார்கள். எடுத்த கையோடு "லீக் வேற, சாம்பியன்ஷிப் வேற" என்று அவர்களே தள்ளியும் விடுவார்கள். பிப்ரவரி சேற்றில், பாதிப் புதுப் பையன்களை வைத்து ஆடியதை நம்பலாமா? தோற்றால் சோதனைதானே செய்தோம் என்பார்கள், ஜெயித்தால் சீக்கிரமே உச்சத்துக்குப் போய்விட்டோமோ என்று கவலைப்படுவார்கள். எப்படிப் போனாலும் கவலைப்பட ஒரு காரணம் கிடைத்துவிடும்.

அடுத்தது இளைஞர் அணி. 20 வயதுக்கு உட்பட்டவர்கள் கோப்பை வாங்கினால் நாலு வருஷத்தில் பெரியவர்களும் வாங்குவார்கள் என்பது பழைய நம்பிக்கை. அதற்கு நல்ல சாட்சி லிமரிக். 2015இலும் 2017இலும் 21 வயதுக்கு உட்பட்டோர் பட்டம் (அப்போது வரம்பு 21) வாங்கினார்கள். 1973க்குப் பிறகு மூத்தோர் கோப்பையையே பார்க்காமல் இருந்த ஊர், 2018இல் அதை வென்றது. அப்புறம் 2020 முதல் 2023 வரை தொடர்ந்து நாலு. ஜே.பி. மெக்மேனஸ் என்ற பெரும் பணக்காரரின் ஆதரவும் சிறுவர் பயிற்சி முறையும் சேர்ந்து வேலை செய்தன. ஆனால் கிளேரைப் பாருங்கள். 2012, 2013, 2014 என்று அதே இளைஞர் பட்டத்தை மூன்று முறை தொடர்ந்து வாங்கினார்கள். 2013இல் மூத்தோர் கோப்பையும் வந்தது. ஊரே இனி பத்து வருஷம் நம்ம ராஜ்ஜியம் என்று உட்கார்ந்திருந்தது. அடுத்த கோப்பை வர 2024 ஆனது.

யாரோடு மோதுகிறோம் என்பதும் பெரிய விஷயம். மன்ஸ்டர் கால்பந்தில் கெர்ரிக்குப் பாதை சுலபம் என்று மற்றவர்கள் பொருமுவார்கள். அல்ஸ்டரில் ஒவ்வொரு ஆட்டமும் மல்லுக்கட்டுதான். 2025இல் டோனிகால் தன் மாகாணப் பட்டத்துக்கு நாலு ஆட்டம் ஆட வேண்டியிருந்தது, அதிலும் இறுதி ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. கெர்ரிக்கு இரண்டே ஆட்டம். அந்த இரண்டு அணியும்தான் ஜூலையில் க்ரோக் பார்க்கில் மோதின. கெர்ரி 1-26, டோனிகால் 0-19. களைப்புதான் காரணமா என்று டோனிகாலில் கேட்டால் ஒரு பதில் வரும், கெர்ரியில் கேட்டால் வேறு பதில்.

மேலாளர், காயம், வானிலை, சொந்த மைதானமா என்பதெல்லாம் எல்லா விளையாட்டிலும் உள்ளதுதான். அதை விட்டுவிடுகிறேன்.

கார்க்கின் 2025

இவ்வளவு கணக்கும் எப்படிக் கவிழும் என்பதற்கு ஒரு வருஷத்தை விரித்துப் பார்க்கலாம்.

கார்க் ஹர்லிங்கில் 30 பட்டம் வாங்கிய ஊர். கடைசிப் பட்டம் 2005இல். அங்கே சிவப்புச் சட்டை போட்டவனுக்கு இருபது வருஷ வறட்சி என்பது ஏறக்குறைய அவமானம். 2024 இறுதி ஆட்டத்தில் கிளேரிடம் கூடுதல் நேரத்தில் ஒரே புள்ளியில் தோற்றார்கள்: 3-29, 1-34. 2025 பிறந்ததும் எல்லாம் கூடி வருவது போலிருந்தது. ஏப்ரலில் லீக் இறுதியில் டிப்பெரேரியைப் பத்துப் புள்ளி வித்தியாசத்தில் அடித்தார்கள். 1998க்குப் பிறகு அவர்களுக்கு முதல் லீக் பட்டம். அதே மாதம் மன்ஸ்டர் சுற்றில் மறுபடி டிப்பெரேரி. பந்து ஆட்டத்துக்கு விடப்படுவதற்கு முன்பே, ஆட்களோடு தள்ளுமுள்ளில் டிப்பெரேரியின் 19 வயதுப் பையன் டாரா மெக்கார்த்தி மட்டையை நீட்டப்போய் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினான். ஆட்டம் முழுக்க 14 பேர். கார்க் 4-27, டிப்பெரேரி 0-24. பதினைந்து புள்ளி வித்தியாசம்.

அப்போது யாராவது டிப்பெரேரிக்குக் கோப்பை என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். 2024இல் அவர்கள் மன்ஸ்டர் பட்டியலில் கடைசி.

மே மாதம் லிமரிக் கார்க்கைப் பதினாறு புள்ளியில் நொறுக்கியது. கார்க்கில் ஒரே துக்கம். மூன்றே வாரத்தில் மன்ஸ்டர் இறுதியில் அதே லிமரிக்கோடு கூடுதல் நேரமும் முடிந்து சமநிலை. பெனால்டியில் கார்க் ஜெயித்தது. மறுபடி கொண்டாட்டம். அதற்குப் பிறகு லிமரிக் காலிறுதியில் டப்ளினிடம் போய் விழுந்தது, அதுவும் டப்ளின் ஆள் ஒருவர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறிய பின்னால். அந்த டப்ளினை அரையிறுதியில் கார்க் 7-26க்கு 2-21 என்று பிழிந்து எடுத்தது. லிமரிக் கார்க்கை அடித்தது, டப்ளின் லிமரிக்கை அடித்தது, கார்க் டப்ளினை அடித்தது. இதை வைத்து யார் பெரியவர் என்று கண்டுபிடியுங்கள் பார்க்கலாம்.

இறுதியில் எதிரே நின்றது டிப்பெரேரி. இடைவேளையின்போது கார்க் 1-16, டிப்பெரேரி 0-13. ஆறு புள்ளி முன்னிலை, இடைவேளைக்குச் சற்று முன்னால் ஒரு கோல் வேறு. இருபது வருஷம் காத்திருந்தவர்கள் மனசுக்குள் கோப்பையை ஊருக்கே கொண்டுவந்திருப்பார்கள்.

இரண்டாம் பாதி முழுவதிலும் கார்க் எடுத்தது இரண்டே புள்ளி. டிப்பெரேரி எடுத்தது 3-14. அவர்கள் கோல்கீப்பர் ரிஸ் ஷெல்லி ஒரு பெனால்டியைத் தடுத்தார், தூரத்திலிருந்து தானே ஒரு புள்ளியும் அடித்தார். முடிவு 3-27, 1-18. அதே பதினைந்து புள்ளி வித்தியாசம், இந்த முறை திசை மாறி. ஏப்ரலில் ஆட்டம் தொடங்கும் முன்பே வெளியேறிய அந்தப் பையன் மெக்கார்த்தி, அரையிறுதியிலும் இன்னொரு சிவப்பு அட்டை வாங்கியவன், இறுதி ஆட்டத்தில் தனியாளாக 1-13 எடுத்தான்.

கார்க்கில் என்ன நடந்தது என்று அதற்குப் பிறகு நடந்த விவாதத்துக்கு முடிவே இல்லை. டிப்பெரேரி ஒரு கூடுதல் ஆளைப் பின்வரிசையில் நிறுத்தியது, கார்க் அதற்கு மாற்று யோசிக்கவில்லை என்பார்கள் சிலர். எதிர்பார்ப்பு கழுத்தை நெரித்துவிட்டது என்பார்கள் சிலர். மேலாளர் விலகினார். 2004இல் கோப்பையைத் தூக்கிய கேப்டன் பென் ஓ'கானர் அந்த இடத்துக்கு வந்தார். அவ்வளவுதான், அடுத்த வருஷக் கணக்கு தொடங்கிவிட்டது. எனக்குப் பிடித்தது இந்த வேகம்தான். அழுது முடிக்கக்கூட நேரம் எடுத்துக்கொள்வதில்லை.

ஊருக்கு ஊர் பேச்சு

எல்லா ஊரும் ஒரே மாதிரி நம்புவதில்லை. கெர்ரிக்காரர்களுக்குக் கால்பந்தில் 39 பட்டங்கள். அவர்களிடம் போய், "இந்த வருஷம் உங்களுக்குத்தானே?" என்று கேளுங்கள். "எங்கே! பசங்க சும்மா ஓடியாடிட்டு வருவாங்க, எதிர்ல இருக்கிறது பெரிய டீம்" என்று தோளைக் குலுக்குவார்கள். நம்பாதீர்கள். இந்தப் பணிவு அவர்களின் ஆட்டத்தில் ஒரு பகுதி. 2025 குழுச் சுற்றில் மீத் கவுண்டியிடம் ஒன்பது புள்ளி வித்தியாசத்தில் தோற்றபோது ஊரே ஒப்பாரி வைத்தது. ஆறு வாரத்தில் கோப்பை வீட்டுக்கு வந்துவிட்டது. காலிறுதியில் நடப்பு சாம்பியன் அர்மாவுக்கு எதிராகத் தொடர்ச்சியாக 14 புள்ளி எடுத்தார்கள், நடுவில் அர்மாவுக்கு ஒன்றுகூட இல்லை.

மேயோ நேர் எதிர். கடைசியாகக் கால்பந்துக் கோப்பை வாங்கியது 1951. 1989இலிருந்து பதினொரு முறை இறுதிவரை போய்ப் பதினொரு முறையும் வெறுங்கையோடு திரும்பினார்கள். இடையில் 2016 இறுதியில் தங்கள் வலையிலேயே இரண்டு கோல் போட்டுக்கொண்டு, அப்படியும் சமநிலைக்குக் கொண்டுவந்து, மறு ஆட்டத்தில் ஒரே புள்ளியில் தோற்றார்கள். 2017இலும் ஒரே புள்ளி. கடைசி நிமிஷத்தில் டப்ளின் வீரர் ஃப்ரீ கிக் உதைக்க ஓடி வந்தபோது, மேயோவின் லீ கீகன் தன் ஜிபிஎஸ் கருவியைக் கழற்றிப் பந்தை நோக்கி வீசினார். அப்படியும் பந்து கம்பிக்கு மேலே போனது.

இதற்கு ஒரு சாபக் கதையும் உண்டு. 1951 அணி கோப்பையோடு ஊர் திரும்பும் வழியில் ஃபாக்ஸ்ஃபோர்டில் ஒரு சவ ஊர்வலத்துக்கு மரியாதை செலுத்தாமல் போனதாம், பாதிரியார் கோபப்பட்டு, இந்த அணியில் ஒருவர் உயிரோடு இருக்கும்வரை மேயோவுக்குக் கோப்பை இல்லை என்று சபித்தாராம். நடந்ததற்கு எந்த ஆதாரமும் இல்லை, 1951 அணியினரே மறுத்திருக்கிறார்கள். 2021 செப்டம்பரில் மேயோ டைரோனிடம் இறுதி ஆட்டம் தோற்று இரண்டு வாரத்தில், அந்த அணியின் கடைசி ஆள் பேடி ப்ரெண்டர்காஸ்ட் காலமானார். சாபம் தீர்ந்தது என்று சிலர் பாதி விளையாட்டாகச் சொன்னார்கள். கோப்பை இன்னும் வந்தபாடில்லை.

சின்னக் கவுண்டிகளுக்கு வேறு கணக்கு. அவர்கள் அகில அயர்லாந்துக் கோப்பையைப் பற்றிப் பேசுவதே இல்லை. மாகாணத்தில் ஒரு சுற்று தாண்டினால் போதும். லவுத் 2010இல் லென்ஸ்டர் இறுதியில் மீத்தை ஜெயிக்கும் நிலையில் இருந்தது. கடைசி நொடியில் மீத் ஆள் ஒருவர் பந்தைக் கையோடு கோட்டுக்குள் கொண்டுபோட்டார், விதிப்படி செல்லாத அந்தக் கோலை நடுவர் கொடுத்துவிட்டார். தவறு என்று பிறகு ஒத்துக்கொண்டார்கள், ஆட்டத்தைத் திரும்ப நடத்தவில்லை. பதினைந்து வருஷம் கழித்து, 2025 மே மாதம், அதே க்ரோக் பார்க்கில் அதே மீத்தை 3-14க்கு 1-18 என்று லவுத் ஜெயித்தது. 1957க்குப் பிறகு முதல் மாகாணப் பட்டம். அடுத்த சுற்றுகளில் அவர்கள் சீக்கிரமே வெளியேறினார்கள், அதைப் பற்றி லவுத்தில் யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

இன்னொரு விஷயம், டிக்கெட். இறுதி ஆட்ட டிக்கெட் பொது விற்பனைக்கு வராது. கிளப்புகள் வழியாகத்தான் பங்கிடுவார்கள். அணி இறுதிக்குப் போய்விட்டால் அந்த இரண்டு வாரம் ஊர்க் கிளப் செயலாளர்தான் பெரிய மனிதர். ஏழெட்டு வருஷமாகப் பேசாத சொந்தக்காரர்கள் திடீரென்று நலம் விசாரிப்பார்கள். வீட்டு வாசலில் கொடி, வைக்கோல் கட்டுக்குக் கவுண்டி வண்ணம், சில இடங்களில் ஆட்டுக்குக்கூட வண்ணம்.

பார்க்க ஆரம்பிக்கிறவர்களுக்கு என் யோசனை: ஹர்லிங்கிலிருந்து தொடங்குங்கள், அதுவும் ஏப்ரல், மே மாத மன்ஸ்டர் ஆட்டங்களிலிருந்து. விதி தெரியாவிட்டாலும் கண்ணை எடுக்க முடியாது. நாட்டுக்கு வெளியே இருப்பவர்கள் சங்கத்தின் ஜிஏஏ பிளஸ் சேவையில் காசு கட்டிப் பார்க்கலாம். நாலைந்து ஆட்டம் பார்த்ததும் ஏதாவது ஒரு கவுண்டி பிடித்துப்போகும். ஜெயிக்க வேண்டும் என்று ஆசையிருந்தால் கெர்ரியையோ கில்கென்னியையோ எடுத்துக்கொள்ளுங்கள். நெஞ்சு கெட்டியாக இருந்தால் மட்டும் மேயோ.